எழும் வல்லரசுகளும் வாய்க்காலின் கடைசிக் காணியும்

சில மாதங்களுக்கு முன்னர் வன்னிப் பகுதியில் நடைபெற்ற கமக்காரர் கூட்டமொன்றில் நாம் கலந்துகொண்டோம். அறுவடை நேரத்தில் செத்தல் மிளகாயின் விலை இறங்கிவிடுவதைப் பற்றிய பேச்சு நீண்டுகொண்டிருந்தது. படித்த வாலிபர் திட்டத்தின் கீழ் காணி பெற்று, காடு வெட்டிக் குடியேறி, இன்று எண்பது வயதை அண்மித்துவிட்ட பெரியவர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்.

"பாதர், நான் பெடியனாய் இருக்கேக்கை சீனாவிலை சனம் பசியிலை சாகுது எண்டு பேப்பரிலை போட்டிருந்தது. இப்ப என்ரை பேரன் ஓடுற மோட்டார் சைக்கிள் இந்தியாவிலையிருந்து வருது. மருந்தடிக்கிற மிசினும் கையிலை இருக்கிற போனும் சீனாவிலையிருந்து வருது. அவங்கள் ஏறிப்போட்டாங்கள். நாங்களும் பாடுபட்டனாங்கள்தானே? நாங்கள் ஏன் உந்த இடத்திலையே நிக்கிறம்?"

மண்டபத்தில் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. உலகச் சந்தை, மூலதனம், தொழில்நுட்பம் என்று நாம் ஏதோ பதில் சொன்னோம். அது அவருக்கும் போதவில்லை; எமக்கும் போதவில்லை. அக்கேள்விக்கு ஆறுதலாக இருந்து பதில் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

இரண்டு ஒப்பந்தங்கள்

1952 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் இலங்கையும் சீனாவும் றப்பர் - அரிசி ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டன. வருடந்தோறும் இலங்கை 50,000 தொன் றப்பரைக் கொடுக்கும். சீனா 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் அரிசியைக் கொடுக்கும் என்பதே உடன்பாடு. கொரிய யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. சீனாவுக்கு றப்பர் விற்பதை அமெரிக்கா விரும்பவில்லை. அந்த அதிருப்தியைப் பொருட்படுத்தாமல், உலகச் சந்தையில் அரிசிக்குத் தட்டுப்பாடும் எமது றப்பருக்கு விலை வீழ்ச்சியும் இருந்த வேளையில், இரு ஏழை நாடுகள் தமக்குள் ஒரு நியாயமான விலையைப் பேசித் தீர்த்துக்கொண்டன. அந்நாளில் ஆள்வீத வருமானத்திலும் எழுத்தறிவிலும் சுகாதாரத்திலும் இலங்கையே முன்னின்றது.

65 வருடங்கள் கழிந்து, 2017 ஆம் ஆண்டில், அதே இரு நாடுகளுக்கிடையில் வேறோர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் ஏறக்குறைய 112 கோடி டொலருக்கு, 99 வருடக் குத்தகையில், ஒரு சீன நிறுவனத்தின் கைக்குச் சென்றது. முதலாவது ஒப்பந்தத்தில் இரு தரப்பினரும் எதிரெதிரே அமர்ந்து பண்டத்துக்குப் பண்டம் பேசினர். இரண்டாவதில் ஒருவர் பணம் உள்ளவர், மற்றவர் பணம் வேண்டி நின்றவர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் சீனாவில் என்ன நடந்தது, எம்மிடம் என்ன நடக்கவில்லை என்பதிலேதான் பெரியவரின் கேள்விக்கான விடை இருக்கின்றது.

மழையா, வாய்க்காலா?

உலக நாடுகள் எல்லாம் ஒரே சந்தையாக இணைந்துவிட்டால், செல்வம் மழைபோல எல்லாருடைய காணியிலும் பெய்யும் என்று பல வருடங்களாக எமக்குச் சொல்லப்பட்டு வந்துள்ளது. குளத்து நீரில் விவசாயம் செய்யும் எமது மக்களுக்கு இதில் உள்ள பிழை சட்டென விளங்கும். செல்வம் மழைபோல வருவதில்லை. வாய்க்கால் தண்ணீர்போலவே வருகின்றது. துருசு யாருடைய கையில் இருக்கின்றது, தலைவாய்க்காலில் காணி வைத்திருப்பவர் எவ்வளவு எடுக்கின்றார், கிளைவாய்க்கால் துப்புரவாக்கப்பட்டுள்ளதா என்பவற்றைப் பொறுத்தே கடைசிக் காணிக்குத் தண்ணீர் போய்ச் சேரும். குளம் நிறைந்து வான் பாய்கின்ற வருடத்திலும் கடைசிக் காணியில் பயிர் வாடியதை நாம் கண்டிருக்கின்றோம்.

புதிதாக எழும் வல்லரசுகள் குளத்துக்குள் நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்துள்ளன. அது உண்மை. ஆனால் அத்தண்ணீர் எந்தக் காணிக்குப் பாய்ந்தது என்பதே எமது விசாரணையாக இருக்க வேண்டும்.

சீனா: முதலில் கிராமம், பின்னர் துறைமுகம்

சீனாவின் எழுச்சி, ஷென்சென் நகரத்து வானளாவிய கட்டடங்களில் தொடங்கியதாகவே பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. 1959 முதல் 1961 வரை நிலவிய கொடிய பஞ்சத்தில் கோடிக்கணக்கான மக்களைப் பலிகொடுத்த நாடு அது. அப்பஞ்சத்துக்கு வரட்சி மட்டுமன்றி அரசின் பிழையான கொள்கையும் காரணமாயிற்று. அதன் பின்னர் 1978 ஆம் ஆண்டின் இறுதியில், அன்ஹுயி மாகாணத்தின் சியாவ்காங் என்னும் சிறு கிராமத்தில் 18 கமக்காரர் இரகசியமாகக் கூடி, கூட்டுப்பண்ணைக் காணியைக் குடும்பத்துக்குக் குடும்பம் பிரித்துப் பயிரிடுவதென்று கையொப்பமிட்டனர். அரசு இத்தகைய முயற்சிகளைத் தண்டிக்காமல், சில வருடங்களுக்குள் நாடு முழுவதற்கும் உரிய முறையாக ஏற்றுக்கொண்டது. 1979 இல் அரசு தானியத்தை வாங்கும் விலையும் நூற்றுக்கு 20 உயர்த்தப்பட்டது.

கையில் காசு கண்ட கிராமங்கள் தத்தம் ஊரிலேயே சிறு தொழில்களைத் தொடங்கின. செங்கல், நெசவு, உணவு பதனிடல், கருவிகள் செய்தல் என ஊர் நிருவாகங்களின் ஆதரவோடு வளர்ந்த இத்தொழில்களில் 1996 ஆம் ஆண்டளவில் 13 கோடிக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். வெளிநாட்டு முதலீட்டுக்கென ஷென்சென், ஜுஹாய், ஷாந்தோ, சியாமென் ஆகிய நான்கு கரையோர வலயங்கள் மட்டுமே 1980 இல் திறக்கப்பட்டன. உலக வர்த்தக அமைப்பில் சீனா சேர்ந்தது 2001 டிசெம்பரில், அதாவது கிராமங்களில் மாற்றம் தொடங்கி 23 வருடங்களின் பின்னர். உழைப்பவனின் கையில் காணியும் எழுத்தும் சிறிது சேமிப்பும் வந்த பின்னரே அந்நாடு துருசைப் படிப்படியாகத் திறந்தது. 40 வருடங்களில் சுமார் 80 கோடி மக்கள் கடும் வறுமையிலிருந்து மீண்டனர் என உலக வங்கி கூறுவதற்கு இந்த ஒழுங்குமுறை ஒரு முக்கிய காரணம் என்பது எமது கருத்து.

எனினும் சீனாவுக்குள்ளேயும் கடைசிக் காணிகள் உண்டு. நகரத்தவரின் சராசரி வருமானம் கிராமத்தவரின் வருமானத்தைப்போல 1978 இல் இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகமாக இருந்தது. கிராமத்துக்கு முதலிடம் கொடுக்கப்பட்ட காலத்தில், 1983 அளவில், அது இரண்டு மடங்கிற்கும் கீழே இறங்கியது. பின்னர் முதலீடும் சலுகையும் கரையோரத்தை நோக்கித் திரும்பின. 2007 இல் அவ்விடைவெளி 3.3 மடங்காக உயர்ந்தது. உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து கோடிக்கணக்கானோர் கரையோரத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். ஆனால் 1958 முதல் நடைமுறையிலுள்ள குடிப்பதிவு முறையின்படி அவர்கள் பதிவில் கிராமத்தவராகவே இருந்தனர். நகரத்துப் பாடசாலையும் வைத்தியசாலையும் நகரத்தவருக்குக் கிடைப்பதுபோல அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பெற்றோரில் ஒருவரோ இருவருமோ தொலைவில் உழைக்க, கிராமங்களில் விடப்பட்ட பிள்ளைகள் 6 கோடிக்கு மேல் என 2013 இல் வெளியான மதிப்பீடு கூறியது. மலிவு விலையில் நாம் வாங்கும் பொருளுக்கு அப்பிள்ளைகளும் ஒரு விலை கொடுத்திருக்கின்றனர். சுதந்திரமான தொழிற்சங்கத்துக்கு அந்நாட்டில் இடமில்லை என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

ஈராயிரம் வருடங்களுக்கு மேலாகக் கமக்காரர் செலுத்தி வந்த விவசாய வரியை 2006 இல் சீன அரசு நீக்கியது. கிராமங்களுக்கான வீதிக்கும் மருத்துவத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பணம் ஒதுக்கியது. இடைவெளி மெதுவாக இறங்கி 2023 இல் ஏறக்குறைய 2.4 மடங்காயிற்று. இன்னமும் அது பெரிய இடைவெளிதான். எனினும் அது இறங்கியும் ஏறியும் மீண்டும் இறங்கியும் இருக்கின்றது என்பதைக் கவனியுங்கள். ஏற்றத்தாழ்வு தலைவிதி அன்று. மனிதர் எடுக்கும் தீர்மானங்களோடு அது கூடுகின்றது, குறைகின்றது.

சாம்பியா: செம்பு போகின்றது, கடன் வருகின்றது

சீனாவின் தொழிற்சாலைகளுக்குக் கம்பியும் மோட்டாரும் செய்யச் செம்பு வேண்டும். உலகில் சுத்திகரிக்கப்படும் செம்பில் பாதிக்கு மேற்பட்டதை அந்த ஒரு நாடே பயன்படுத்துகின்றது. அச்செம்பைத் தரும் நாடுகளுள் ஒன்று ஆபிரிக்காவின் சாம்பியா. இவ்விரு நாடுகளின் உறவும் எமது றப்பர் - அரிசி ஒப்பந்தத்தைப்போல நட்புறவாகவே தொடங்கியது. சீனா தானும் ஏழையாக இருந்த 1970 களில், கடலற்ற சாம்பியாவைத் தன்சானியாவின் துறைமுகத்துடன் இணைக்கச் சுமார் 1,860 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதையை அமைத்துக் கொடுத்தது.

ஆனால் 1975 இன் பின் செம்பின் விலை விழுந்தது. சாம்பியா கடனில் மூழ்கியது. 1990 களின் பிற்பகுதியில், கடன் கொடுத்தோரின் வற்புறுத்தலால், அரச சுரங்கங்கள் தனியாருக்கு விற்கப்பட்டன. விலை அடிமட்டத்தில் இருந்தபோது செய்யப்பட்ட அவ்வொப்பந்தங்களில், தோண்டி எடுக்கும் கனிமத்தின் பெறுமதியில் நூற்றுக்கு 0.6 மட்டுமே அரசுக்கு உரிய பங்காகக் குறிக்கப்பட்டது. சீன, இந்திய, கனேடியக் கொம்பனிகள் என ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சில வருடங்களில் சீனாவின் தேவை பொங்கியது. 2002 இல் தொன் ஒன்று 2,000 டொலருக்கும் குறைவாக விற்ற செம்பு, 2011 இன் தொடக்கத்தில் 10,000 டொலரை எட்டியது. 2008 இல் அரசு தன் பங்கை நூற்றுக்கு 3 ஆக உயர்த்தி, திடீர் இலாபத்துக்கும் வரி விதித்தது. ஆனால் அவ்வரி அடுத்த வருடமே கைவிடப்பட்டது.

விலை உயர்ந்திருந்த காலத்தில் கடன் வாங்குவது இலகுவாயிற்று. 2012, 2014, 2015 ஆகிய வருடங்களில் சாம்பியா 300 கோடி டொலர் பெறுமதியான முறிகளை வெளிநாட்டுச் சந்தைகளில் விற்றது. சீனாவிடமிருந்தும் பெருங்கடன் பெற்றது. பின்னர் செம்பின் விலை மீண்டும் சரிந்தது. 2020 நவம்பரில் அந்நாடு கடன் தவணையைக் கட்ட முடியாது கைவிரித்தது. இன்று சாம்பியாவின் கிராமத்தவரில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் வறுமையில் வாழ்வதாக அந்நாட்டின் கணிப்புகளே கூறுகின்றன. செம்பு தகடாகவும் கட்டியாகவும் வெளியே போகின்றது. கம்பியாகவும் தொலைபேசியாகவும் பன்மடங்கு விலையில் திரும்பி வருகின்றது. அச்சுரங்கத்துக்கு அயலிலுள்ள கிராமத்துச் சோளச் செய்கையாளருக்கு இக்கொடுக்கல் வாங்கலில் எந்த வாய்க்காலும் வெட்டப்படவில்லை.

எமது வீட்டுக் கதை

சாம்பியாவின் கதை எமக்குப் புதிதன்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும், விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டங்களின் செத்தல் மிளகாய்க்கும் பொற்காலம் பிறந்தது. எமது பெரியவர் அக்காலத்தில் கல்வீடு கட்டியவர். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதி செய்யப்பட்ட மிளகாயும் வெங்காயமும் சந்தையை நிறைத்தன. அதற்கு எமது கமக்காரர் தயாராக இருக்கவில்லை. நல்ல வருடங்களில் களஞ்சியசாலை கட்டப்படவில்லை. பதனிடும் தொழில் தொடங்கப்படவில்லை. பின்னர் யுத்தம் வந்தது. 1990 களில் எரிபொருளும் உரமும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. உலகத்தின் மற்றப் பாகங்கள் சந்தையில் இணைந்துகொண்டிருந்த அதே காலத்தில், எமது கிராமங்கள் பதுங்குகுழிக்குள் இருந்தன. பந்தயம் தொடங்கிப் பாதித் தூரம் போன பின்னரே நாம் வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்லாமல் விடுவது நீதியன்று.

தெற்கின் கிராமங்களும் முழுவதாக நனைந்தன என்று சொல்ல முடியாது. 1978 இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. அங்கே ஆடை தைக்கக் கிராமத்து இளம் பெண்கள் ஆயிரக்கணக்கில் சென்றனர். போருக்குப் பின்னர் வடக்கிலும் இத்தகைய தொழிற்சாலைகள் வந்தன. அவை பெண்களின் கையில் சம்பளத்தைக் கொடுத்துள்ளன. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் துணியில் பெரும்பகுதி சீனாவிலும் இந்தியாவிலுமிருந்து வருகின்றது. சட்டை மேற்கு நாடுகளுக்குப் போகின்றது. நடுவில் எமது நாடு சேர்ப்பது பெரும்பாலும் அப்பிள்ளைகளின் கண்ணையும் விரலையும்தான். மக்கள் தொகையில் மூன்றிலொரு பங்கினருக்கும் குறைவானோர் வாழும் மேல் மாகாணம், நாட்டின் உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கைத் தன்னிடம் வைத்திருக்கின்றது. எமது தலைவாய்க்கால் அங்கே இருக்கின்றது.

2022 ஏப்ரலில் இலங்கையும் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. சீனக் கடனே எம்மை அழித்தது என்று பலர் கூறினர். அது பாதி உண்மையும் அல்ல. வெளிநாட்டுக் கடனில் சீனாவுக்கு உரியது ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு. அதைவிடப் பெரிய பங்கு, வெளிநாட்டுப் பணச் சந்தைகளில் அதிக வட்டிக்கு விற்ற இறைமை முறிகளுக்கு உரியது. கடன் கொடுத்தவர் எந்தத் தேசத்தவர் என்பதைவிட, கடனைக் கொண்டு எதைக் கட்டினோம், யாரைக் கேட்டுக் கட்டினோம் என்பதே முக்கியமான கேள்வி.

துருசைப் பூட்டிவிடலாமா?

அப்படியானால் கதவுகளைப் பூட்டிவிடுவோம் என்று சிலர் சொல்லக்கூடும். 1970 களில் பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்றவர்களை விசாரித்துப் பாருங்கள். கமக்காரனின் பொற்காலம் கூலித் தொழிலாளியின் பட்டினிக்காலமாகவும் இருந்தது. பூட்டிய துருசு ஒருவருக்கும் நீர் தராது. வேறு சிலர், ஒரு வல்லரசை விட்டு மற்றதைப் பிடிப்போம் என்கின்றனர். நெருக்கடி வேளையில் இந்தியா தந்த உதவி பெரிது, நன்றியோடு நினைக்கத்தக்கது. எனினும் அந்நாட்டுக்கும் தன் தேவைகள் உண்டு. எல்லா வல்லரசுகளும் தத்தம் தேவையோடுதான் வருகின்றன. எமது தேவை இன்னதென்று நாம் எழுதி வைத்திருக்காவிட்டால், அவர்களுடைய தாளிலேயே கையொப்பமிட வேண்டி வரும்.

ஆகவே நான்கு விடயங்களை வலியுறுத்த விரும்புகின்றோம்.

முதலாவது, அறுவடைக் காலத்துக்கும் இறக்குமதிக்கும் இடையில் ஓர் ஒழுங்கு வேண்டும். இறக்குமதிப் பண்டங்களுக்கு விசேட அறவீடு விதிக்க 2007 ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு அதிகாரமளித்தது. ஆனால் அறவீடு கூடுவதும் குறைவதும் கமக்காரருக்குக் கடைசி நேரத்திலேயே தெரியவருகின்றது. விதைக்க முன்னரே அறிவித்தால் என்ன?

இரண்டாவது, மூட்டையாகக் கொடுக்கும் வரை நாம் சாம்பியாதான். களஞ்சியம், உலர்த்தி, அரைக்கும் ஆலை, பொதியிடல் ஆகியன ஊரிலேயே, கூட்டுறவின் கையிலே இருக்க வேண்டும். தனித்தனிக் கமக்காரரால் இது முடியாது.

மூன்றாவது, எமது பெயரில் வாங்கும் கடன்களும் செய்யும் ஒப்பந்தங்களும் கைச்சாத்திட முன்னர் மூன்று மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும். பேரப்பிள்ளைகள் கட்டவேண்டிய கடனைத் தாத்தாமார் வாசிக்கக்கூட முடியாதிருப்பது அநீதி.

நான்காவது, புதிய வீதியோ துறைமுகமோ வலயமோ வரும்போது, அதனால் வாய்க்காலின் கடைசிக் காணிக்கு என்ன போய்ச் சேரும் என்பதைக் கேட்டு எழுதி வைக்கும் பழக்கம் ஒவ்வொரு கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் வர வேண்டும்.

இவற்றுள் முதலாவதையும் மூன்றாவதையும் அரசிடம் கேட்டுப் போராட வேண்டும். இரண்டாவதையும் நான்காவதையும் தொடங்குவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. இவ்விதழை வாசிக்கும் சங்கங்கள் தமது அடுத்த கூட்டத்தில் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கி, தமது ஊரிலிருந்து ஒரு வருடத்தில் என்னென்ன பொருள் எந்த நிலையில் வெளியே போகின்றது, அதே பொருள் எந்த நிலையில், என்ன விலையில் திரும்பி வருகின்றது என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

அந்தப் பெரியவருக்கு நாம் இன்று சொல்லக்கூடிய பதில் இதுதான்: ஐயா, உங்கள் பாட்டில் குறையில்லை. சியாவ்காங் கிராமத்து 18 பேரும் உங்களைப்போலவே மண்வெட்டி பிடித்தவர்கள். அவர்கள் கூடி எடுத்த தீர்மானத்துக்குப் பின்னால் காணியும் விலையும் ஊர்த்தொழிலும் வந்தன. அதன் பிறகே கதவு திறந்தது. உங்களுக்கோ கதவு முதலில் திறந்தது, யுத்தம் பிறகு வந்தது, மற்றவை இன்னமும் வரவில்லை. அவற்றை வரவழைக்கும் வேலை உங்கள் பேரனுக்கும் எமக்கும் மிஞ்சியிருக்கின்றது. அடுத்த கூட்டத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.